சர்வாதிகாரி பிராங்கோ காலத்துத் தணிக்கையை மீறி ஸ்பெயினில் நல்ல படங்கள் எப்படி வந்தன? தணிக்கை இருந்தால்தான் இயக்குநர்களுக்கு மூளை வேலை செய்யுமா?

கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது. யாரோ யூடியூபில் பேசியதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "கட்டுப்பாடு இருந்தால்தான் கலை வளரும்" என்று அடித்துவிடுகிற ஆட்கள் எங்கள் திரைப்படச் சங்கத்திலும் உண்டு.

முதல் பாதிக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே முதலில் திரைக்கதைக்கு அனுமதி வாங்க வேண்டும். படம் முடிந்ததும் மறுபடி கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வெளிநாட்டுப் படமென்றால் ஸ்பானிஷில் டப் செய்துதான் ஓட்ட வேண்டும் என்று 1941-இல் உத்தரவு போட்டார்கள். டப்பிங் கையில் இருந்தால் கதையையே மாற்றலாமே! 'மொகாம்போ' என்ற ஹாலிவுட் படத்தில் கணவனோடு ஆப்பிரிக்காவுக்கு வரும் நடிகை கிரேஸ் கெல்லி வேறொருவர் மேல் காதல் கொள்வார். கள்ளக்காதல் ஆகாது என்று கணவன் மனைவியை அண்ணன் தங்கை ஆக்கிவிட்டார்கள். அப்புறம் அந்த 'அண்ணன் தங்கை' பழகுகிற விதத்தைப் பார்த்து ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஒழுக்கத்தைக் காப்பாற்றிய லட்சணம் இது.

இத்தனைக்கும் நடுவில் 1963-இல் பெர்லாங்கா எடுத்த படம் 'எல் வெர்துகோ'. தலைப்புக்குத் தண்டனையை நிறைவேற்றுபவன் என்று அர்த்தம். அதை வீட்டில் அப்பாவோடு பார்த்தேன். அப்பா அரசு அலுவலகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், கறுப்பு வெள்ளைப் படமென்றால் எம்.ஜி.ஆர். படத்தைத் தவிர எதற்கும் உட்கார மாட்டார். இதில் ஒரு கிழவர் அரசாங்கத்துக்காக மரண தண்டனையை நிறைவேற்றுகிறவர். கரோட்டே என்ற இரும்புப் பட்டையால் கழுத்தை நெரிக்கும் வேலை. அந்தச் சாமான்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஏதோ எல்.ஐ.சி. ஏஜென்ட் மாதிரி சாதாரணமாக அலைவார். அவருக்கு அரசுக் குடியிருப்பில் வீடு ஒதுக்கீடு ஆகிறது. ஆனால் ஓய்வு பெறப் போகிறார், வீடு போய்விடும். மருமகன் அந்த வேலைக்குச் சேர்ந்தால்தான் வீடு தங்கும். மருமகனோ பயந்தாங்கொள்ளி. "யாரையும் கொல்லவா சொல்லப் போகிறார்கள், சும்மா கையெழுத்துப் போடு" என்கிற தினுசில் எல்லோரும் தள்ளிவிடுகிறார்கள்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான். நாங்கள் இருபது வருஷத்துக்கு மேல் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். "டேய், இவன் மாட்டிக்கிட்டான்டா. வீட்டைக் காட்டியே எந்த வேலையையும் வாங்கிடுவானுங்க," என்றார். கடைசியில் ஒரு பெரிய வெள்ளை மண்டபம். சாகப்போகிற கைதி முன்னால் நடக்கிறான். தண்டனையை நிறைவேற்ற வேண்டியவனை, கால் துவண்டு தொப்பி கீழே விழ, பின்னால் நாலு பேர் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அப்பா சிரிக்கவே இல்லை. அதற்கு முன்பு வரை சிரித்துக்கொண்டிருந்தவர்.

அந்தப் படம் வெனிஸ் விழாவுக்குப் போவதற்குச் சில நாள் முன்னால், 1963 ஆகஸ்டில், மாட்ரிட்டில் அனார்க்கிஸ்டுகள் (அரசே கூடாது என்பவர்கள்) இரண்டு பேரை நிஜமாகவே கரோட்டேயால் கொன்றார்கள். ரோமில் இருந்த ஸ்பெயின் தூதர் கொதித்துப் போய், படத்தைத் திட்டி அரசுக்குக் கடிதம் எழுதினார்.

"பார்த்தீர்களா, தணிக்கை இருந்ததால்தானே இப்படி ஒரு படம்" என்று உடனே பின்னூட்டத்தில் கிளம்பாதீர்கள். நான் சினிமா படித்தவன் இல்லை, வங்கி ஊழியன், ஆனாலும் கணக்கு தெரியும். ஸ்பெயின் இயக்குநர் புனுவேலின் 'விரிதியானா'வை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகி தனியாக ஒருவன் அறைக்குள் போய்க் கதவு சாத்துவதாக முடிவு இருந்தது, ஆகாது என்றார்கள். அவரும் மாற்றினார்: அறையில் ஏற்கெனவே வேலைக்காரி இருக்கிறாள், மூவரும் சீட்டாட உட்காருகிறார்கள். இரண்டு பேர் சமாச்சாரம் மூன்று பேர் சமாச்சாரம் ஆயிற்று! இது புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1961-இல் கான் விழாவில் தங்கப்பனை என்ற முதல் பரிசை வாங்கிய கையோடு வாத்திகன் பத்திரிகை பாய்ந்தது, மேடையேறி விருதை வாங்கிய திரைப்படத் துறை அதிகாரிக்கு வேலை போயிற்று, படத்துக்குத் தடை. ஸ்பெயின்காரர்கள் தியேட்டரில் அதைப் பார்த்தது 1977-இல், பிராங்கோ செத்த பிறகு. பதினாறு வருஷம்! வெளியே வந்த படங்களை வைத்துத் தணிக்கைக்கு மார்க் போடுகிறவர்கள், எழுதும்போதே மேசை டிராயருக்குள் போன கதைகளை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

அந்த 'விரிதியானா'வைப் பெரிய திரையில் பார்க்கலாம் என்று ஒரு திரைப்பட விழாவுக்குப் பாஸ் வாங்கிப் போனேன். நடு வரிசை முழுக்க 'விருந்தினர்' என்று துணி கட்டி வைத்திருந்தார்கள். விருந்தினர் ஒருவரும் வரவில்லை. பாஸ் வாங்கியவர்கள் படியில் உட்கார்ந்து பார்த்தோம். பிச்சைக்காரர்கள் பணக்கார வீட்டு மேசையில் ஏறி உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிற காட்சி வந்தபோது பின்னாலிருந்து ஒரு பையன், "நாமும் போய் உட்காரலாமா சார்?" என்றான். போய் உட்கார்ந்தோம்.