ஓய்வுபெற்ற டீசல் ரயில்கார்களைத் தன்னார்வலராகப் புதுப்பிக்கும் வேலையில் உண்மையில் எது கடினம்? எஞ்சினை ஓடவைப்பதா?

எஞ்சின் இல்லை. மழைத் தண்ணீர்தான்.

கூரையிலிருந்தும் ஜன்னல் ஓரத்திலிருந்தும் சொட்டுச் சொட்டாக இறங்கி, கதவின் அடியில் தேங்கி, வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே இரும்பைத் தின்றுவிடும். பிரிட்டனில், பழைய வண்டிகளைத் தன்னார்வலர்கள் பாதுகாத்து ஓட்டும் ஒரு பாரம்பரிய ரயில்பாதையில் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் இந்த வேலைக்குப் போய்வருகிறேன். எஞ்சினுக்குக் கொடுத்த நேரத்தைப் போல நாலு மடங்காவது துருவுக்குக் கொடுத்திருப்பேன். இதில் இறங்கலாமா என்று யோசித்துக் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இழுப்பதற்குத் தனி லோகோ இல்லாமல், பயணிகள் பெட்டிக்கு அடியிலேயே டீசல் எஞ்சினை வைத்து ஓட்டுவதுதான் ரயில்கார். இங்கே கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்ற கம்பெனி 1933 முதல் ஓட்டியது. மொத்தம் 38 கட்டினார்கள். இன்று மிஞ்சியிருப்பவை 3. அப்புறம் 1954இல் தொடங்கி பிரிட்டிஷ் ரயில்வே, நீராவி வண்டிகளுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கில் கட்டி நாடு முழுக்க ஓடவிட்டது. அந்தத் தலைமுறையில் 'கிளாஸ் 101' என்ற வகை வண்டிகள் 2003 டிசம்பர் வரை பொதுச் சேவையில் இருந்தன. 'பபுள் கார்' என்று செல்லமாக அழைக்கப்படும் 'கிளாஸ் 121' என்ற ஒற்றைப் பெட்டி வண்டி, இங்கிலாந்தில் ஐல்ஸ்பரிக்கும் பிரின்சஸ் ரிஸ்பரோவுக்கும் இடையில் 2017 வரைகூட ஓடியது. 1960இல் கட்டிய வண்டி அது! நான் வேலை செய்வதும் இந்தத் தலைமுறைப் பெட்டிகளில்தான்.

இவற்றில் என்ன அப்படி ஈர்ப்பு என்று கேட்பவர்களை நான் முன்வரிசை இருக்கையில் உட்காரவைப்பேன். ஓட்டுநர் அறைக்கும் பயணிகளுக்கும் நடுவே கண்ணாடிதான். ஓட்டுநரின் தோளுக்கு மேலாகத் தண்டவாளம் நம்மை நோக்கி ஓடிவரும். நீராவி வண்டியின் பின்னால் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்தக் காட்சி கிடைக்காது. அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் குழந்தைகளுக்காகத்தான் இவ்வளவும் செய்கிறோம் என்று சொன்னால் அது முழு உண்மை.

சரி, எஞ்சின் ஏன் கடினமில்லை என்று சொன்னேன்? எஞ்சின் உள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் இரண்டு எஞ்சின்களைப் படுக்கவைத்திருப்பார்கள். பெரும்பாலும் 150 குதிரைத்திறன். ஏஇசி, லேலண்ட் என்று பஸ்ஸுக்கும் லாரிக்கும் எஞ்சின் செய்த கம்பெனிகளின் தயாரிப்பு. அதனால் பழைய பஸ்களைப் பாதுகாக்கும் ஆட்களிடம் கேட்டால் உதிரிபாகமோ கையேடோ பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒரு எஞ்சின் நின்றுபோனாலும் அதைத் துண்டித்துவிட்டு மற்றதை வைத்து ஷெட்டுக்கு வந்து சேரலாம். முற்றிலும் கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். பெட்டியின் உடம்பு உளுத்துப்போனால் மாட்டுவதற்கு வேறு உடம்பு கிடையாது.

தண்ணீர் போகும் வழியை நான் கற்றுக்கொண்டது ஒரு கதவில். எங்கள் பெட்டியில் பயணிகள் ஏறும் கதவு ஒன்று சரியாக மூடவில்லை. கீலைத்தான் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்துக் கழற்றினேன். கதவின் அடித்தகடு கையோடு வந்துவிட்டது. கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேறச் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். அவை தூசியாலும், பல தடவை பூசிய பெயின்டாலும் அடைத்துக்கொண்டிருந்தன. எத்தனையோ வருட மழை உள்ளேயே நின்றிருக்கிறது. ஜன்னலின் ரப்பர் பீடிங் இறுகி வெடித்திருந்ததுதான் மூல காரணம். மேலே ஒரு மயிரிழை இடைவெளி. கீழே ஒரு கை நுழையும் ஓட்டை. அன்றிலிருந்து துரு தெரியும் இடத்தை விட்டுவிட்டு, அதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் கொப்பளிக்கிறது, தகடு புடைக்கிறது, ரிவெட் தெறிக்கிறது. அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் சேரும் இடங்களில் ஈரம் நின்றால் இன்னும் மோசம். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்து ஒரு பேட்டரி போல வேலை செய்யும், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அந்த இடங்களில் இடையே தடுப்புப் பூச்சு கொடுக்காமல் பூட்டினால் சில வருடங்களில் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

பெட்டியை வாங்கும் முன் பார்க்கப் போனால் கையில் ஒரு காந்தமும் சின்னச் சுத்தியலும் எடுத்துப்போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி வைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம் (அலுமினியப் பெட்டி என்றால் காந்தம் உதவாது). சுத்தியலால் லேசாகத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உளுத்தது தொப்பென்று சொல்லும். எங்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஃபிட்டர். கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்ப்பார். பெயின்ட் நன்றாக இருந்தால் கண் நம்பிவிடும், காது நம்பாது என்பார்.

நாங்கள் செய்த பெரிய தவறையும் சொல்ல வேண்டும். அப்போது எங்களுக்கு ஆட்களும் குறைவு, பணமும் குறைவு. பார்க்கிறவர்களுக்கு உற்சாகம் வரட்டும் என்று உட்புறத்தை முதலில் முடித்தோம். பழைய துணியைப் பார்த்து அதே நெசவில் இருக்கைத் துணி நெய்வித்தோம். ஆலைகள் ஐந்து மீட்டர், பத்து மீட்டர் நெய்து தராது. குறைந்தபட்ச அளவுக்கு மொத்தமாக வாங்க வேண்டும். அதற்கு இரண்டு வருடம் நிதி திரட்டியிருந்தோம். மரப் பட்டிகளை எல்லாம் இழைத்து வார்னிஷ் அடித்தோம். பெட்டி மட்டும் வெட்டவெளியில், தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. ஒரு குளிர்காலக் காற்றில் தார்ப்பாய் கிழிந்து, கூரையின் காற்றுத் துளை ஒன்றின் வழியாகத் தண்ணீர் இறங்கியது. வசந்தத்தில் கதவைத் திறந்தபோது நாலு இருக்கைகளில் பூஞ்சை. வயதான உறுப்பினர் ஒருவர் ஒன்றும் பேசாமல் அந்தத் துணியைத் தடவிக்கொண்டே நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. தார்ப்பாயைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொண்டோம்: காற்றோட்டம் இல்லாமல் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வியர்த்து, அதுவும் மழை மாதிரிதான்.

அதன் பிறகு எங்கள் வரிசை மாறியது. முதலில் கூரை. அப்புறம் ஜன்னல்கள், எல்லாவற்றுக்கும் புது ரப்பர். அப்புறம் கதவு, அடிச்சட்டம், ஓட்டுநர் அறையின் மூலைகள். இதெல்லாம் முடியும்வரை உள்ளே ஒரு இருக்கைகூடப் போகக்கூடாது. இந்த வேலைகளைப் புகைப்படம் எடுத்துப் போட்டால் யாருக்கும் ஆர்வம் வராது, நன்கொடையும் மெதுவாகத்தான் வரும். ஆனாலும் இந்த வரிசையை விட்டுக்கொடுக்க மாட்டேன். புதிதாகக் குழு தொடங்குபவர்களிடம் நான் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: பெட்டி வாங்கும் பணம் கையில் இருந்தால் முதலில் அதற்கு மேல் ஒரு கூரை போட இடம் பாருங்கள்.

ஆபத்து பற்றி ஒரு விஷயம். 1950களில் கட்டிய பல பெட்டிகளின் சுவருக்குள் சூடும் சத்தமும் தடுக்க நீல அஸ்பெஸ்டாஸ் தெளித்திருந்தார்கள். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரலாம். உரிமம் பெற்ற நிறுவனம் அதை நீக்கிவிட்டதற்கான சான்று இல்லாத பெட்டியில் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். நீக்கியதாகச் சான்று இருந்தாலும், திறக்காத ஒரு மூலையைத் திறக்கும்போது நாங்கள் நிறுத்திப் பரிசோதித்துவிட்டுத்தான் தொடர்கிறோம். ஆர்வத்தில் அவசரப்பட இடமே இல்லாத வேலை இது.

எஞ்சினைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் போனால் நியாயமில்லை. பல வருடம் சும்மா நின்ற எஞ்சினை உடனே ஸ்டார்ட்டரால் சுற்றக்கூடாது. எண்ணெய் மாற்றி, கம்பி போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, எங்கும் இறுகவில்லை என்று தெரிந்த பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். குளிர்காலத்தில் உறைதடுப்புத் திரவம் இல்லாமல் தண்ணீரை உள்ளே விட்டுவைத்தால் அது உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும் (அங்கேயும் தண்ணீர்தான் பாருங்கள்). எஞ்சினைவிட எனக்குத் தலைவலி தந்தது வேக்குவம் பிரேக். எஞ்சின் சுற்றும்போது எக்ஸாஸ்டர் என்ற பம்ப் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும். உறிஞ்சிய நிலையில்தான் பிரேக் விடும். எங்காவது ஒரு ரப்பர் குழாய் மெலிதாகக் கசிந்தாலும் வேக்குவத்தைக் காட்டும் மீட்டரில் முள் ஏறாது. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வராது, ஏனென்றால் காற்று உள்ளேதான் போகிறது. ஒரு மதியம் முழுக்க ஒவ்வொரு இணைப்பிலும் காதை வைத்துக் கேட்டு, கடைசியில் கார்டு பெட்டியின் வால்வில் கண்டுபிடித்தோம்.

ஓட்டுவது தனி இன்பம். இவற்றில் நாலு கியர், ஓட்டுநர் கையால் மாற்ற வேண்டும். த்ராட்டிலை மூடி, கியரை நகர்த்தி, எஞ்சின் சத்தம் தணியும்வரை சில வினாடி பொறுத்து, அப்புறம் திறக்க வேண்டும். அந்தச் சில வினாடிகள் வண்டி ஃப்ரீவீலில் தானாக உருண்டு போகும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த அமைதியும், அதன் பின்னால் கீழேயிருந்து எழும்பும் உறுமலும்தான் இந்த வண்டியின் குரல். மணிக்கு 70 மைல் போகக் கட்டியது. பாரம்பரியப் பாதைகளில் பொதுவாக 25 மைல்தான் உச்சவரம்பு. மெதுவாகப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை.

பெயின்ட் வந்தால் சண்டையும் வரும். தொடக்கத்தில் பச்சை நிறம், முகப்பில் பூனை மீசை போலக் கோடுகள். பிறகு மீசைக்குப் பதில் சின்ன மஞ்சள் பட்டை. 1960களின் பிற்பகுதியிலிருந்து நீலம், முழு மஞ்சள் முகம். ஒரே பெட்டி இத்தனை வேஷமும் போட்டிருக்கும். சுரண்டும்போது ஒவ்வொரு அடுக்காக எல்லாம் வெளியே வரும். பச்சைதான் அழகு என்று பெரும்பாலோர் சொல்வார்கள். எங்கள் பெட்டியில் பின்னாளில் மாற்றிய விளக்குகளும் உட்புறமும் அப்படியே இருந்ததால் நான் நீலத்துக்கு வாக்களித்தேன். பச்சை அடித்துவிட்டு உள்ளே 1970களின் இருக்கை போட்டால் அந்த வண்டி எந்த வருடத்திலும் இருந்திருக்காது. கடைசியில் நீலமே வென்றது.

இப்போது அடுத்த தலைமுறையும் வந்துவிட்டது. 1980களில் லேலண்ட் பஸ் உடம்பை அடிப்படையாக வைத்து பெட்டிக்கு நாலு சக்கரத்தில் கட்டிய 'கிளாஸ் 142' வகை 'பேசர்' வண்டிகள், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளுக்குப் பொருந்தாததால் 2019, 2020 ஆண்டுகளில் விலக்கப்பட்டன. நிறைய வண்டிகள் பாரம்பரியப் பாதைகளுக்கு வந்தன. ஓடும் நிலையிலேயே வந்தது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் இரண்டு வண்டிக்குத்தான் ஷெட்டில் இடம் இருக்கிறது என்றால் நாலு வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூன்றாவதாக ஒன்று வந்துவிட்டால் அதைப் பிரித்து அதன் கண்ணாடி, கதவு, கியர்பாக்ஸை மற்ற இரண்டுக்கும் வைத்துக்கொள்வது துரோகம் இல்லை. அதைச் செய்ய மனம் வராமல் மூன்றையும் மழையில் நிறுத்திவைத்துத் துருப்பிடிக்க விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு மெக்கானிக் வேலை தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் தெரியாதுதான், நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். முதல் வருடம் முழுக்க நான் செய்தது ஜன்னல் சட்டத்திலிருந்து பழைய ரப்பரைச் சுரண்டுவதும், கழற்றிய ஒவ்வொரு திருகையும் டப்பாவில் போட்டு எங்கிருந்து வந்தது என்று சீட்டு ஒட்டுவதும்தான். வயரைத் துண்டிக்கும் முன் இரண்டு பக்கமும் எண் குறித்துப் படம் எடுப்பது பெரிய வேலை. அதைப் பொறுமையாகச் செய்பவர் கிடைத்தால் எந்தக் குழுவும் விடாது. வெல்டிங் இரண்டாம் வருடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். பக்கத்தில் ஏதாவது பாதை இருந்தால் ஒரு சனிக்கிழமை பழைய உடையில் போய் நில்லுங்கள், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

போன மாதம் எங்கள் பெட்டியின் ஜன்னல் வேலை முடிந்தது. ஹோஸ் குழாயால் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் என்று தண்ணீர் அடித்தோம். உள்ளே இரண்டு பேர் டார்ச்சோடு ஒவ்வொரு சட்டத்தின் கீழ் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போனோம். வலது பக்கம் முழுக்க உலர்ந்திருந்தது. இடது பக்கம் நாலாவது ஜன்னலின் மூலையில் மட்டும் ஒரு சொட்டு நின்றது. அதைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை அந்த ரப்பரைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும்.