ஒப்படைக்குத் தகவல் தேடுவது எப்படி? நூலகர் பதில்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் படிப்பவர்களும் படிப்பிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, பல்கலைக்கழக நூலகர் ஒருவர் பதில் தருகிறார்.

வந்தாறுமூலை, முதலாம் வருட மாணவி: மிஸ், 1978ஆம் ஆண்டுப் புயல் பற்றி ஒப்படை எழுதவேண்டும். தமிழில் தேடினால் எதுவும் வரவில்லை.

மகள், "புயல்" என்றா தேடினீர்கள்? நம் பகுதியில் எழுதியவர்கள் பெரும்பாலும் "சூறாவளி" என்றே எழுதினார்கள். இரண்டு சொல்லையும் போடுங்கள். நவம்பர் 23 என்ற திகதியையும் சேருங்கள். இன்னொரு தடையும் உண்டு. நம் பழைய ஆவணங்கள் பல, யூனிக்கோடு அல்லாத பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. நம் கண்ணுக்கு "ம" என்று தெரிகிற இடத்தில் கணினி வைத்திருப்பது ஆங்கில "கே" எழுத்தை. இப்போது எல்லோரும் தட்டச்சு செய்யும் யூனிக்கோடில் தேடினால் அது எப்படி அகப்படும்? படமாக வருடிய பக்கங்களுக்கும் இதே கதிதான். ஆகவே ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் சேர்த்து வைக்கும், 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத்தளத்தில் தேடல் பெட்டியோடு நின்றுவிடாமல் தலைப்பு, ஆண்டு என்று உள்ளே சென்று பாருங்கள்.

கல்முனை, விரிவுரையாளர்: புதுமுக வாரத்தில் ஒரு மணிநேர நூலக அறிமுகம் வைக்கிறோம். மாதம் ஒன்று போனால் யாருக்கும் நினைவில்லை. என்ன செய்யலாம்?

சேர், நானும் பல வருடங்கள் அப்படியே செய்து கவலைப்பட்டிருக்கிறேன். தேவை வராத நாளில் சொன்னது மனதில் தங்காது. ஒப்படை கொடுத்த மறுவாரம் என்னைக் கூப்பிடுங்கள் என்றுதான் இப்போது கேட்கிறேன். வகுப்பில் ஒரே ஒரு கேள்வி வைப்பேன்: மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்று முதலில் எழுதியவர் யார்? பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள். பத்து இணையப் பக்கங்கள் ஒரே வசனத்தைச் சொல்லும். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை என்பது அரை மணியில் அவர்களுக்கே புரிந்துவிடும். ஒருத்தி பின்னோக்கிப் போய்ப் போய், 1859இல் வெளியான, இங்கு பணியாற்றிய பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் எமர்சன் டெனன்டின் இலங்கை பற்றிய நூலை எட்டினாள். படகின் மரத்தில் காதை வைத்ததும் ஓசை பெருகியது என்று அவர் எழுதியிருக்கிறார். அதை வாய்விட்டு நிதானமாக வாசித்துவிட்டு, "மிஸ், இவர் தன் காதாலேயே கேட்டிருக்கிறார்" என்றாள். கேட்டவர் யார், கேட்டதாகச் சொன்னவர் யார் என்ற வேறுபாட்டை அதற்குமுன் நான் எத்தனையோ விரிவுரைகளில் சொல்லியும் ஏறவில்லை. இன்னொன்று: ஒப்படையோடு தேடல் குறிப்பு ஒரு பக்கம் கேளுங்கள். என்ன சொல், எங்கே தேடினார், எதை ஏன் விட்டார். அதற்கும் புள்ளி போடுங்கள், போடாவிட்டால் எழுதமாட்டார்கள்.

அக்கரைப்பற்று, மாணவன்: விக்கிப்பீடியாவைப் பயன்படுத்தலாமா?

தொடங்குவதற்கு நல்ல இடம், மகன். கட்டுரையின் அடியில் உள்ள உசாத்துணைகளைத் திறந்து வாசித்து, அவற்றையே மேற்கோள் காட்டுங்கள்.

களுவாஞ்சிக்குடி, மாணவி: சாட்ஜிபிடி தந்த ஐந்து உசாத்துணைகளில் இரண்டு இல்லவே இல்லை என்கிறார் விரிவுரையாளர். எப்படி?

அது இருக்கக்கூடிய தலைப்பைப்போல ஒன்றைக் கோத்துத் தரும். பல வேளைகளில் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. ஒவ்வொன்றையும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலரிலும் நூலகப் பட்டியலிலும் தேடுங்கள். கையில் எடுத்து வாசிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

வாழைச்சேனை, மாணவன்: என்னிடம் கைத்தொலைபேசி மட்டும்தான் இருக்கிறது.

போதும் மகன். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் முதலில் வரும். வேண்டாத சொல்லின் முன் கழித்தல் குறி இட்டால் அது விலகும். கைத்தொலைபேசியிலும் இவை வேலை செய்யும். பெரிய கோப்புகளை நூலகக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். டேட்டாக் காசு மிஞ்சும்.