குடோனில் எழுதி வாங்கிய ராஜினாமா

கேள்வி: கும்பகோணத்தில் ஜவுளிக்கடை நடத்துகிறேன். 12 பேர் வேலை பார்க்கிறார்கள். ஒன்பது வருடமாக இருந்த சூப்பர்வைசர், "முதலாளிக்கு உன் மேல் சந்தேகம், நான்தான் பேசிக் காப்பாற்றினேன்" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியே எல்லோரையும் ஆட்டிவைத்தார். இரண்டு பெண்கள் அழுதுகொண்டே வேலையை விட்டுவிட்டார்கள். போன வாரம் இரவு கடையைப் பூட்டியபின் நானும் மைத்துனரும் அவரைக் குடோனில் உட்காரவைத்து ராஜினாமா எழுதி வாங்கினோம். மிரட்டி வாங்கியதாக இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மன உளைச்சல் தந்ததாக அவர்மேல் போலீஸில் புகார் தரலாமா? இனி இப்படி நடக்காமல் தடுப்பது எப்படி?

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் அவருடைய குணத்தைப் பற்றியது. அதை ஒதுக்கிவைத்துவிடுவோம். கோள் மூட்டுவதும் ஆளை ஆட்டிவைப்பதும் நம் சட்டத்தில் தனிக் குற்றம் இல்லை. உங்கள் வழக்கு முழுக்க ஒரே வரியில் இருக்கிறது: கடையைப் பூட்டியபின், குடோனில்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41-படி, ஆறு மாதமாவது தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டுமென்றால் விசாரணை வைத்து, சாட்சியத்தைப் பதிவு செய்து, தவறை நிரூபித்திருக்க வேண்டும். அந்த ராஜினாமா மிரட்டி வாங்கியது, செல்லாது என்றால் அது விசாரணை இல்லாத பணிநீக்கம்தான். "அவர் நிர்வாகப் பதவியில் இருந்தவர், இந்தச் சட்டம் பொருந்தாது" என்று சொல்லலாமே என்பீர்கள். பேருக்குத்தான் சூப்பர்வைசர், 18,000 ரூபாய் சம்பளத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவரை நிர்வாகி என்று காட்டுவது கஷ்டம்.

என்னிடம் வழக்குக்கு வந்த கட்சிக்காரர் ஒருவர், மளிகை மொத்த வியாபாரி, இதே மாதிரி ஒரு கடிதத்தைப் பெருமையாகக் கொண்டுவந்தார். எட்டாவது படித்த ஆள் எழுதியதாம். "சுயநினைவோடும் பிறர் தூண்டுதலின்றியும்" என்று ஆரம்பித்தது. இந்த வார்த்தைகளை யார் சொல்லக் கேட்டு எழுதினார் என்பதுதான் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி. கட்சிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் கடிதத்தையும் எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

போலீஸுக்குப் போகாதீர்கள். நீங்கள் ஒரு புகார் கொடுத்தால் அவர் எதிர்ப்புகார் கொடுப்பார். வெளியே போகவிடாமல் வைத்திருந்தார்கள் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) பிரிவு 127. அதில் உங்கள் மைத்துனரும் குற்றம் சாட்டப்பட்டவர் ஆவார். எனக்கு இதைவிடப் பயம் வேறொன்று. அவமானத்தில் அந்த ஆள் ஏதாவது செய்துகொண்டு உங்கள் பேரை எழுதிவைத்தால், தற்கொலைக்குத் தூண்டியதாகப் பிரிவு 108, பத்து வருடம் வரை சிறை. வழக்கு நிற்குமா நிற்காதா என்பது அப்புறம். முதலில் முன்ஜாமீனுக்கு ஓட வேண்டும். ஆகவே கடை வாட்ஸ்அப் குரூப்பில் அவரைப் பற்றி ஒரு வரி கூடப் போடாதீர்கள்.

சமரசமாகப் போய்விடுங்கள். ஒன்பது வருடத்துக்குக் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலைநாள் என்ற கணக்கில், 18,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆலும் 9-ஆலும் பெருக்கினால், சுமார் 93,460 ரூபாய். கோள் சொன்னார் என்பதற்காக அதில் ஒரு ரூபாய் பிடிக்க முடியாது. ஒரு மாதச் சம்பளமும் சேர்த்தால் ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம். தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் எழுதிக்கொண்டு, வங்கி வழியாகக் கொடுங்கள். வழக்கு நடத்தினால் இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும்.

தடுப்பது எப்படி என்று கேட்டீர்கள். லீவு, அட்வான்ஸ், ஷிப்ட் எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் உங்களிடம் வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு அந்தப் பிடியைக் கொடுத்தது நீங்கள்தான். இனி லீவும் அட்வான்ஸும் நேராக உங்களிடம் எழுத்தில் வரட்டும். ஒருவர்மேல் புகார் வந்தால் தேதி, சொன்ன வார்த்தை, கேட்டவர் பேர் போட்டு மெமோ கொடுத்து, விளக்கம் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

அந்த இரண்டு பெண்களும் அழுதது வெறும் கோளுக்காகத்தானா? ஒரு பெண் ஊழியரை விட்டுக் கேளுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். அதை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும். பத்துப் பேர் இருந்தாலே அது கட்டாயம், வைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். உங்கள் கடையில் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

குடோன் சிசிடிவி பதிவை அழித்துவிடட்டுமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். தொடாதீர்கள். டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) பழைய பதிவின் மேல் தானாக மேலெழுதும் முன் நகல் எடுத்து, நோட்டீஸோடு கொண்டுவாருங்கள்.