இழப்பீடு யார் தர வேண்டிய கடன்?

கேள்வி: அமெரிக்காவில் அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், "அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வெறுங்கையோடு வந்தவர்களும் அவமானப்பட்டுத்தானே முன்னேறினார்கள்? அடிமை வைத்திராத அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். இதில் நியாயம் உண்டா?

பதில்: பஞ்சத்துக்குத் தப்பி 1840களில் கப்பலேறிய அயர்லாந்து மக்கள் பட்ட பாட்டைக் குறைத்துப் பேசக் கூடாது, கரை சேராமலே மாண்டவர்கள் ஏராளம். ஆனால், யார் அதிகம் துன்பப்பட்டார்கள் என்று எடைபோட்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. சட்டம் யாரை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். வர்ஜீனியாவில் 1662இல் இயற்றிய சட்டம், பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று வகுத்ததால், அடிமைப் பெண் பெற்ற குழந்தை, அதன் தகப்பன் எசமானனே ஆனாலும், பிறந்த கணமே அவனுடைய உடைமையாகிவிட்டது. ஐரோப்பாவிலிருந்து எவ்வளவு வறுமையோடு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கும் இந்தக் கதி நேரவில்லை.

1862ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் மாதம் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது அரசு இழப்பீடு தரவே செய்தது: விடுதலையான ஒவ்வொருவருக்கும் 300 டாலர் வரை கணக்கிட்டு, அதை எசமானர்களிடம் கொடுத்தது. விடுதலையானவருக்கோ, நாட்டை விட்டே போகச் சம்மதித்தால் 100 டாலர் வரை தரலாம் என்றது அதே சட்டம். மறுமாதமே வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், குடியுரிமை பெறும் எண்ணத்தை அறிவித்த வெளிநாட்டவருக்கும் 160 ஏக்கர் நிலம் கிடைக்க வழிசெய்தது. அடிமைத்தளையில் இருந்த லட்சக்கணக்கானோருக்கு அப்போது அந்த வழி இல்லை. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் அவர்களுக்கென ஒதுக்கிய கடலோர நிலங்களில் பெரும்பகுதியையும், ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டில் பழைய பண்ணை முதலாளிகளிடம் திரும்பக் கிடைக்கச் செய்தார். இரு சாராரும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டதாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

"நாங்கள் அடிமை வைத்திருக்கவில்லையே" என்பது பலர் விஷயத்தில் உண்மைதான். ஆனால் இழப்பீடு கேட்பவர்கள் கைநீட்டுவது அரசை நோக்கி; அரசின் பழைய கடன்களை, புதிதாக வந்த குடிமகனும் தன் வரியால் அடைக்கத்தான் செய்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரில் உயிரோடிருந்தோருக்குத் தலா 20,000 டாலர் வழங்க 1988இல் சட்டம் வந்தது. போருக்குப் பின் குடியேறியோரின் வரியும் சேர்ந்த கருவூலத்திலிருந்தே அந்தப் பணம் போயிற்று.

அங்கே பாதிக்கப்பட்டவர்களே உயிரோடிருந்தார்கள், அடிமைகளாக இருந்தவர்கள் இன்று இல்லை என்ற மறுப்புக்கு வலு உண்டு. எனினும் அநீதி, அடிமைமுறை ஒழிந்த 1865உடன் முடியவில்லை. இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரம், 1919 முதல் 1969 வரை தன் எல்லைக்குள் நடந்த வீட்டுவசதிப் பாகுபாட்டுக்கு ஈடாக 25,000 டாலர் வழங்கும் திட்டத்தை 2021இல் ஏற்றது. அதை முதலில் பெற்றவர்கள், அந்தக் காலத்தில் அங்கேயே வாழ்ந்த முதியவர்கள்.