தண்ணி எங்கதான் போகுது?

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல எஞ்சின் சூடுதான், வெயில் ஏறிடுச்சுன்னா நம்ம தபால்பெட்டியும் சேர்ந்து கொதிக்க ஆரம்பிச்சிடும். அதுல ஒண்ண மட்டும் விரிவா எடுத்துக்கிறேன், ஏன்னா அந்த கடுதாசிலயே பதிலும் இருக்கு, எழுதினவருக்குத்தான் அது தெரியல.

கேள்வி: அண்ணே, என்கிட்ட 2003 மாடல் குவாலிஸ் டீசல் இருக்கு. 2 லட்சத்து 80 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, அப்பா வாங்கின வண்டி, விக்க மனசு வரல. ஆறு மாசமா ரேடியேட்டர்ல தண்ணி குறையுது, வாரத்துக்கு ஒரு லிட்டர் வரைக்கும் ஊத்துறேன், போர் தண்ணிதான். வண்டிக்கு கீழ ஒரு சொட்டு ஈரம் கிடையாது. பழனி வழியா கொடைக்கானல் ஏறுனா சூடு காட்டுற முள்ளு முக்காலுக்கு மேல போகுது, மேல போய் நிறுத்தினதும் பக்கத்துல இருக்க சின்ன பாட்டில் நிறைஞ்சு வழியுது. மறுநாள் காலைல பார்த்தா ரேடியேட்டரோட மேல் ஹோஸ் சப்பிப்போய் கிடக்கு. ஒரு மெக்கானிக் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்க அடைப்பு தகடு) போயிடுச்சு, ஹெட்ட இறக்கணும், 35,000 ஆகும்ங்கிறார். இன்னொருத்தர் மஞ்சப்பொடி போடு சரியாயிடும்ங்கிறார். யார் சொல்றத கேக்குறது?
— ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: தம்பி, இப்போதைக்கு ரெண்டு பேர் சொல்றதும் வேணாம். முதல்ல ரேடியேட்டர் மூடிய கழட்டி கைல எடுங்க, ஆனா எஞ்சின் நல்லா ஆறின பிறகு. சூட்டுல திறந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சிக்கு அடிக்கும், அப்படி வெந்து போனவங்கள நான் பார்த்திருக்கேன், துணிய போட்டு திறந்தாலும் அடிக்கும்.

அந்த மூடிய வெறும் மூடின்னு நினைச்சுடாதீங்க, அதுல ரெண்டு வால்வு இருக்கு. பெரிய ஸ்பிரிங் இருக்கறது பிரஷர் வால்வு, நடுவுல சின்ன பொத்தான் மாதிரி இருக்கறது வேக்கம் வால்வு. தண்ணி சூடாகி விரியும்போது குறிப்பிட்ட பிரஷர் வரைக்கும் பெரிய வால்வு பிடிச்சு வச்சிருக்கும், தாண்டினா மிச்சத்த பாட்டிலுக்கு தள்ளி விடும். வண்டிய நிறுத்தி எஞ்சின் ஆறும்போது தண்ணி சுருங்கும், உள்ள வெற்றிடம் வரும், அப்ப சின்ன வால்வு திறந்து பாட்டில்ல இருக்கறத திரும்ப உள்ள இழுக்கணும். உங்க வண்டில போற வேலை மட்டும் நடக்குது, திரும்பி வர்ற வேலை நடக்கல. அதனாலதான் பாட்டில் வழியுது, அதனாலதான் ரேடியேட்டர் காலியாகுது, உள்ள இழுக்க வழி இல்லாம மேல் ஹோஸ் சப்பிப்போகுது. பாட்டில் வரைக்கும் தண்ணி வந்து சேருதுன்னா நடுவுல இருக்க சின்ன டியூப் முழுசா அடைக்கலன்னு அர்த்தம் (எதுக்கும் ஒரு தடவை வாய் வச்சு ஊதி பாருங்க, முன்னாடி தண்ணில கழுவிட்டு, ரேடியேட்டர்ல ஊத்துற கூலன்ட் திரவம் விஷம்), அப்ப மிச்சம் இருக்கற ஆள் மூடிதான். ஆறு மாசம் போர் தண்ணி ஊத்தியிருக்கீங்க, உப்பு அந்த சின்ன வால்வுல ஒட்டி ஜாம் ஆகியிருக்கும், நகத்தால லேசா இழுத்து பாருங்க, நகராது.

கொடைக்கானல்ல மட்டும் ஏன் இவ்வளவு கூத்துன்னு கேப்பீங்க. கொடைக்கானல் கடல்மட்டத்துல இருந்து 2,100 மீட்டருக்கு மேல இருக்கு, அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சிடும், அங்க பருப்பு வேக நேரம் ஆகும்னு சொல்றதுக்கும் இதுதான் காரணம். 0.9 பார் (பார்ங்கிறது பிரஷர் அளவு) மூடி ஒழுங்கா பிடிச்சா அதே இடத்துல வெறும் தண்ணி கூட 115 டிகிரி பக்கம் வரைக்கும் தாங்கும். அப்ப ஸ்பிரிங் தளர்ந்து போன மூடி கீழ ஒட்டன்சத்திரத்துல சுத்தும்போது எதையும் காட்டாது, ரெண்டாவது கியர்ல மலை ஏறும்போதுதான் வேலைய காட்டும். உங்க மூடில வேக்கம் வால்வோட சேர்ந்து ஸ்பிரிங்கும் போயிருக்கும்னுதான் எனக்கு தோணுது, இருபது வருஷ மூடிக்கு அது ஒண்ணும் ஆச்சரியம் இல்ல. பழைய மூடி மேல 0.9, 1.1னு என்ன நம்பர் எழுதியிருக்கோ அதே நம்பர்ல நல்ல மூடி வாங்குங்க, சில நூறு ரூபாதான் ஆகும். கூடுதல் நம்பர் போட்டா நல்லதுன்னு போட்டுடாதீங்க, பழைய ரேடியேட்டர் டேங்க் பொளந்துக்கும்.

சரி, ஹெட் கேஸ்கட் இல்லவே இல்லன்னு நான் அடிச்சு சொல்றேனா? இல்ல. பாட்டில் வழியறது ஹெட் கேஸ்கட் போன வண்டிலயும் நடக்கும். ஆனா ஒரு வித்தியாசம், கேஸ்கட் போனா எரிஞ்ச கேஸ் தண்ணிக்குள்ள புகுந்து பிரஷர் ஏறி, பெரும்பாலும் காலைல கூட ஹோஸ் கல்லு மாதிரி இறுகிதான் இருக்கும், உங்களுது சப்பிப்போய் கிடக்கு. அதனால காசே செலவில்லாத சோதனை ஒண்ணு பண்ணுங்க. காலைல ஆறின எஞ்சின்ல மூடிய கழட்டிட்டு வாய் வரைக்கும் தண்ணி நிரப்பி ஸ்டார்ட் பண்ணுங்க, ஐடில்ல விட்டு பாருங்க, முதல்ல நாலஞ்சு குமிழி வரும், அது உள்ள மாட்டின காத்து, அத பாத்து பயப்படாதீங்க, நிக்காம சோடா மாதிரி குமிழி வந்துகிட்டே இருந்தா, ஆக்சிலேட்டர் கொடுத்தா கூடுதலா பொங்குனா அப்பதான் சந்தேகப்படணும். ஆயில் மட்டம் பார்க்கிற குச்சியில, ஆயில் ஊத்துற மூடிக்கு அடியில காப்பி நுரை மாதிரி இருக்கா, எஞ்சின் நல்லா சூடான பிறகும் இனிச்ச வாசனையோட வெள்ளை புகை விடாம வருதான்னு பாருங்க. இன்னும் உறுதி வேணும்னா நீல திரவம் வச்சு பார்க்கிற பிளாக் டெஸ்டர்னு ஒண்ணு பெரிய கேரேஜ்ல இருக்கும், ரேடியேட்டர் வாயில வச்சு அந்த காத்த திரவத்துக்குள்ள இழுப்பாங்க, பெட்ரோல் வண்டில கேஸ் கலந்திருந்தா மஞ்சளாகும், டீசல்ல பச்சையாகும். மஞ்சள் ஆகலயேன்னு டீசல் வண்டிக்கு நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் கொடுத்து அனுப்பின கதையெல்லாம் உண்டு. இதெல்லாம் பார்க்காம ஹெட்ட இறக்கலாம்னு சொல்றவர்கிட்ட நான் வண்டிய விடமாட்டேன்.

மூடி மாத்தின பிறகும் தண்ணி குறைஞ்சா பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க. சைக்கிள் பம்பு மாதிரி ஒரு கைப்பம்பு, அதுல மீட்டர் இருக்கும், மூடி இருக்கற இடத்துல மாட்டி மூடில போட்டிருக்கற அளவுக்கு காத்து ஏத்தி கால்மணி நேரம் விட்டுடணும். முள்ளு இறங்கினா எங்கயோ லீக். கீழ சொட்டாததால லீக் இல்லன்னு முடிவு கட்டக்கூடாது தம்பி, சூடான பிளாக் மேல ஒழுகினா தரைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆவியாகிடும், வெள்ளையாவோ பச்சையாவோ காய்ஞ்ச கறைதான் மிச்சம். அந்த கறைய தேடணும். முதல்ல வாட்டர் பம்பு, அதோட ஷாஃப்டுக்கு கீழ ஒரு சின்ன ஓட்டை வச்சிருப்பாங்க, உள்ள சீல் போனா அது வழியா ஒழுகணும்னே வச்ச ஓட்டை அது, அங்க கறை கோடு இறங்கியிருந்தா பம்பு மாத்தணும், சில பேர் அந்த ஓட்டைய எம்சீல் வச்சு அடைப்பாங்க, அப்படி பண்ணா தண்ணி பேரிங்குக்குள்ள போய் ஒரு நாள் ஃபேனோட பிச்சுக்கிட்டு வந்து ரேடியேட்டர கிழிக்கும். அப்புறம் ஹோஸ் நுனி, கிளிப்பு. காலைல குளிர்ல மட்டும் ஒழுகி சூடானதும் நின்னுபோற லீக் பெரும்பாலும் இதுதான், ரப்பர் இறுகிப்போய் குளிர்ல சுருங்கும். அப்புறம் ரேடியேட்டர் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேர்ற மடிப்பு. கடைசியா பிளாக்குல பக்கவாட்டுல, பின்னாடி இருக்க வட்ட தகரம், வெல்ச் பிளக்குன்னு சொல்லுவாங்க, வருஷக்கணக்கா வெறும் தண்ணி ஊத்தின வண்டில அது உள்ளிருந்து துரு பிடிச்சு ஊசி ஓட்டை விழும், அத கண்டுபிடிக்க டார்ச்சும் கண்ணாடியும் பொறுமையும் வேணும். ஏசி போட்டா கீழ சொட்டுற தண்ணிய பார்த்து குழம்பாதீங்க, தொட்டு பாருங்க, கூலன்ட்னா வழுவழுன்னு இருக்கும். நாக்குல மட்டும் வைக்காதீங்க, இனிப்பா இருக்கும் ஆனா விஷம், தரையில கொட்டினா நாய் நக்கிட்டு செத்துப்போகும், கழுவி விடுங்க.

மஞ்சப்பொடிக்கு வர்றேன். லாரிக்காரங்க காலம் காலமா பண்றதுதான், ஊசி ஓட்டைல பொடி போய் ஊறி அடைச்சுக்கும், நடு ராத்திரில காட்டுக்குள்ள மாட்டினா நானும் போடுவேன். ஆனா பொடிக்கு ஓட்டை எது, ரேடியேட்டரோட சன்ன டியூப் எதுன்னு வித்தியாசம் தெரியாதே, அதையும் சேர்த்து அடைக்கும். ஊர் வந்து சேர்ந்ததும் முழுசா ஃப்ளஷ் பண்ணிடணும். உங்க கேஸ்ல ஓட்டை இருக்கற மாதிரி தெரியல, மூடிதான் கெட்டிருக்கும்னு தோணுது, அதுக்கு மஞ்சப்பொடி போட்டு என்ன பண்றது, குழம்பா வைக்கப்போறோம்.

மூடி போட்டதும் அந்த போர் தண்ணிய மொத்தமா இறக்கிடுங்க. நல்ல தண்ணி விட்டு வெளிய வர்றது தெளிவா வர்ற வரைக்கும் ஓட்டி இறக்குங்க, அப்புறம் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்கு பாதி. நம்ம ஊர்ல தண்ணி உறையப்போறதில்ல, எதுக்கு கூலன்ட்னு கேக்கறவங்க உண்டு, அதுல துரு பிடிக்காம இருக்க மருந்து இருக்கு, கொதிநிலையும் ஏழெட்டு டிகிரி ஏறும், நமக்கு அது போதும். நிரப்பும்போது மூக்கு மேட்டுல இருக்க மாதிரி வண்டிய நிறுத்தி, ஹீட்டர் இருந்தா அத சூடு பக்கம் திருப்பி வச்சு, மெதுவா ஊத்தி, ஐடில்ல ஓடவிட்டு மேல் ஹோஸ அமுக்கி அமுக்கி விடுங்க, காத்து வெளிய வரும். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி விடுற வால்வு) திறந்ததும் மட்டம் சட்டுனு இறங்கும், மறுபடி ஊத்தி மூடுங்க. ரெண்டு நாள் காலைல மட்டம் பார்த்துட்டு அப்புறம் மலை ஏறுங்க. ஏறும்போது முள்ளு மறுபடி முக்கால தாண்டினா ரேடியேட்டர் உள்ள உப்பு அடைச்சிருக்கு, சூட்டுக்கு தகுந்தபடி ஃபேன சுத்த விடுற ஃபேன் கிளட்ச்சும் பார்க்கணும், அப்ப எழுதுங்க.

கேள்வி: என் பழைய டீசல் ஜீப்ல சூடாகுதுன்னு தெர்மோஸ்டாட்டையே கழட்டி விட்டுட்டாங்க. இப்ப ஹைவேல முள்ளு கால்வாசிய தாண்டவே மாட்டேங்குது. எஞ்சினுக்கு நல்லதுதானே?
— தூத்துக்குடி வாசகர்

பதில்: இல்ல சார். டீசல் எஞ்சின் சூடுலதான் ஒழுங்கா ஓடும். எப்பவும் குளிர்ந்தே இருந்தா டீசல் கூடுதலா குடிக்கும், புகை விடும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். பல எஞ்சின்ல தெர்மோஸ்டாட் சூடானதும் பைபாஸ் வழிய மூடற வேலையும் பண்ணும், அத கழட்டினா பாதி தண்ணி ரேடியேட்டருக்கே போகாம சுத்தி, டிராஃபிக்ல நின்னா முன்ன விட அதிகமா சூடாகும். புதுசு வாங்கி போடுறதுக்கு முன்னாடி வீட்டு அடுப்புல தண்ணில தொங்கவிட்டு, தெர்மோமீட்டர் வச்சு, அதுமேல அடிச்சிருக்க டிகிரில திறக்குதான்னு பார்த்துட்டு போடுங்க. வீட்ல திட்டுனா நான் பொறுப்பில்ல.

கேள்வி: ஹீட்டர் போட்டா வண்டிக்குள்ள ஒரு மாதிரி தித்திப்பு வாசனை, முன் கண்ணாடில எண்ணெய் தடவின மாதிரி மூட்டம். இடது கால் பக்கம் கார்பெட் ஈரம். தண்ணியும் குறையுது.
— குன்னூர் வாசகர்

பதில்: டேஷ்போர்டுக்குள்ள இருக்க ஹீட்டர் கோர், அதாவது சூடான தண்ணி ஓடுற குட்டி ரேடியேட்டர், ஓட்டை. சந்தேகமே வேணாம். பல வண்டில டேஷ்போர்ட முழுசா இறக்கினாத்தான் மாத்த முடியும், ஒரு நாள் வேலை. அதுவரைக்கும் எஞ்சின் பக்கம் ஹீட்டருக்கு போற ஹோஸையும் வர்ற ஹோஸையும் கழட்டி ஒண்ணோட ஒண்ணு சேர்த்து கிளிப்பு போட்டு விடுங்க, லீக் நிக்கும், ஹீட்டரும் நிக்கும், குன்னூர் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கங்க. கார்பெட்ட மட்டும் கழட்டி கழுவி காயவைங்க, கீழ தகரம் துரு பிடிச்சிடும்.

கேள்வி: பாட்டில்ல பச்சை கூலன்ட் இருக்கு, கடைல சிவப்புதான் கிடைச்சுது. கலந்து ஊத்தலாமா?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: கலர் வெறும் சாயம், கம்பெனிக்கு கம்பெனி மாறும், கலர வச்சு உள்ள என்ன மருந்துன்னு சொல்ல முடியாது. வேற வேற மருந்து கலந்தா கூழ் மாதிரி திரிஞ்சு போற ஆபத்து இருக்கு. அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க. சிவப்பு டப்பாவ வச்சிருங்க, அடுத்த தடவை முழுசா இறக்கி கழுவும்போது, வண்டி மேனுவல்ல போட்டிருக்கற வகையோட ஒத்துப்போச்சுன்னா அதையே ஊத்திக்கலாம்.