முதலில் ஒரு கேமைச் செய்து முடிக்கட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகளைக் கணினி கேம் உருவாக்கும் படிப்பில் சேர்க்கலாமா என்று நேற்று கேட்டீர்கள். "பயப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி உங்களை அனுப்பிவைத்தேன். நீங்கள் விட்டுச்சென்ற கல்லூரிக் கையேட்டை இரவு படித்த பிறகு அந்தப் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். வீட்டை அடமானம் வைத்து அவளை இந்தப் படிப்பில் சேர்க்காதீர்கள். "கேம்தான் என்றால் பெயர்பெற்ற இடத்திலேயே படிக்கட்டும்" என்கிற உங்கள் அண்ணன் அந்தக் கடனுக்குத் தவணை கட்டப்போவதில்லை.

2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை நீக்குவதாக அறிவித்தது. அடுத்த மாதமே சோனி, பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேரை. அனுபவசாலிகளே வேலை தேடி அலையும் துறைக்குள் கழுத்தளவு கடனோடு ஒரு பிள்ளை நுழைவதை என்னால் ஏற்க முடியாது. கட்டணம் குறைந்த இடத்தில் கணினி அறிவியல் படிக்கட்டும், போதும்.

கையேட்டில் முதல் இரண்டு ஆண்டுகளும் பெரும்பாலும் ஓவியமும் முப்பரிமாண உருவங்களும்தான். உங்கள் மகள் என்னிடம் காட்டிய கேமில் நரி என்று அவள் சொன்னது வெறும் பழுப்புச் சதுரம்! ஆனால் அந்தச் சதுரத்தால் மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் ஆறு ஃபிரேம்கள் வரை, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம், குதிக்க முடிகிறது. "இல்லாவிட்டால் சரியாகத்தான் அழுத்தினோம் என்று ஆடுகிறவர்களுக்குக் கோபம் வருகிறது சார்" என்றாள். தொழிலில் இதைக் கயோட்டி டைம் என்பார்கள். யாரும் சொல்லித்தராமல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். அவள் மனம் நிரலில் இருக்கிறது. அதை ஓவிய வகுப்பில் கொண்டுபோய் அடைக்காதீர்கள்.

அவளுக்குத் தேவை கேம் ஜாம், அதாவது குறுகிய கெடுவுக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வு. லூடம் டேர் 2002 முதலும், குளோபல் கேம் ஜாம் 2009 முதலும் நடந்துவருகின்றன. தொடங்கும் நேரத்தில்தான் கருப்பொருளை அறிவிப்பார்கள். லூடம் டேரின் தனிநபர் பிரிவில் 48 மணி நேரத்துக்குள் நிரல், படம், ஒலி எல்லாவற்றையும் ஒருவரே செய்து, மூல நிரலையும் வெளியிட வேண்டும். பிறகு கலந்துகொண்டவர்களே ஒருவர் கேமை ஒருவர் ஆடி மதிப்பெண் தருவார்கள். முன்பின் தெரியாதவர்கள் எழுதும் அந்தக் கருத்துகளைப் போல ஒரு பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. 2017 நோர்டிக் கேம் ஜாமில் ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்க்காரி செய்த சின்னப் புதிர்தான் 2019இல் 'பாபா இஸ் யூ' என்ற முழு கேமாக வெளிவந்தது. கருவிக்கும் செலவில்லை: கோடோ என்ற கேம் இன்ஜின், அதாவது கேம் செய்யும் மென்பொருள், இலவசம்; அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்; விற்பனையில் பங்கும் கேட்காது.

இவற்றில் அவள் கற்கப்போவது வெட்டுவது. கேமில் பத்து நிலைகள் (லெவல்கள்) என்று திட்டமிட்டு, இரண்டாம் நாள் காலையில் மூன்றாகக் குறைத்து, அந்த மூன்றையும் பிழையில்லாமல் முடிப்பது. ஓராண்டில் இப்படி நான்கு கேம்கள் முடித்தால், வேலைக்கு ஆள் எடுப்பவர் முன் வைக்க அவளிடம் ஏதோ இருக்கும். பாதியில் நின்ற பெரிய கேமை யாரும் மதிப்பதில்லை.

சேர்க்கைக் கட்டணத்தை இந்த வாரம் கட்டாதீர்கள். அண்ணன் வீட்டுக்கு வந்தால் அந்தப் பழுப்புச் சதுரத்தை அவர் கையில் கொடுங்கள். எப்படி ஆடுவது என்று மகள் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளட்டும். அடுத்த முறை வரும்போது அந்தக் குறிப்பை என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள்.