கத்தும் குரங்கும் கேட்கும் குரங்கும்

வணக்கம். ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகள் எதிரியைக் கண்டால் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல் என்று பிரித்து எழுப்புவதாக எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் அவை சொற்கள்தானே? நம் மொழி அதிலிருந்து வளர்ந்ததா? குரங்குகள் மட்டும் ஏன் அங்கேயே நின்றுவிட்டன?
– ஒரு கல்லூரி மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

சொற்கள் என்று நான் சொல்லமாட்டேன். கென்யாவின் அம்போசெலியில் செஃபார்த், செனி, மார்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் புதரில் ஒலிபெருக்கியை மறைத்து, பதிவு செய்த வெர்வெட் குரல்களை ஒலிக்கவிட்டார்கள் (1980-ல் வெளியான ஆய்வு). பக்கத்தில் எந்த எதிரியும் இல்லை. ஆனாலும் சிறுத்தைக் குரலுக்கு மரமேறின, கழுகுக் குரலுக்கு வானத்தைப் பார்த்தன, பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் எழுந்து நின்று புல்லைத் துழாவின. கேட்ட குரங்குக்குப் பொருள் புரிந்திருக்கிறது, சந்தேகமில்லை. கத்தும் குரங்கின் கதை வேறு. அதன் குரல்கள் பெரும்பாலும் பிறவியிலேயே வந்தவை. குட்டி, விழும் இலையைப் பார்த்துக்கூடக் கழுகுக் குரல் கொடுக்கும். வளர வளர எப்போது கத்துவது என்பதுதான் திருந்துகிறது, குரல் அவ்வளவாக மாறுவதில்லை.

செனகலில் அவற்றின் உறவினமான பச்சைக் குரங்குகளுக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டார்கள், 2019-ல் அந்த ஆய்வு வந்தது. இதுவரை பார்த்திராத பொருள், ஆனாலும் புதுக் குரல் எதுவும் வரவில்லை. கென்யக் குரங்குகளின் கழுகுக் குரலைப் போன்றதே வந்தது. அப்புறம் ட்ரோனின் இரைச்சலை மட்டும் ஒலிக்கவிட்டபோது குரங்குகள் வானத்தைப் பார்த்தன! அந்த இரைச்சலுக்கு என்ன பொருள் என்று அதற்குள் கற்றுவிட்டிருந்தன. அம்போசெலியில் மைனா இனத்துப் பறவை ஒன்றின் எச்சரிக்கையையும் வெர்வெட்டுகள் இப்படித்தான் பயன்படுத்திக்கொள்கின்றன. அதனால் மொழியின் வேரைத் தேடுபவர்கள் வாயை விட்டுவிட்டு முதலில் காதைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொண்டை சரியில்லாததால் குரங்கு பேசவில்லை என்பதும் தவறு. மக்காக் குரங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஃபிட்ச் என்ற உயிரியலாளரின் குழு, அந்தத் தொண்டை பேச்சுக்குப் போதும் என்று 2016-ல் காட்டியது. குறை, தொண்டையை ஆளும் மூளையில். இன்னொன்று, வெர்வெட்டும் நாமும் பிரிந்து இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவை நம் பாதையில் பாதியில் நின்றவை அல்ல, தங்கள் பாதையில் போய்க்கொண்டிருப்பவை.

குரங்குகளிடம் குறைவாக உள்ள, கேட்ட ஒலியைத் தொண்டைக்குக் கொண்டுவரும் திறன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஜீப்ரா ஃபிஞ்ச் பறவையைப் படியுங்கள். ஆண் குஞ்சு தகப்பன் பாடுவதைக் கேட்டு, முதலில் உளறி, பழகிப் பழகித்தான் பாட்டைப் பிடிக்கிறது. கேட்கவிடாமல் வளர்த்தால் அதன் பாட்டு கோணலாகிவிடும்.